சனிக்கிழமை, எல்லார் முன்னாலும் பிரிக்கவும்

திண்டுக்கல்
8.9.1965

அடி மேரி,

இப்போது இரண்டு யுத்தம் நடக்கிறது. ஒன்று உன் பக்கம், லாகூர் ரோட்டில். இன்னொன்று என் பக்கம், திண்டுக்கல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். முதலாவதைப் பற்றி நீ எழுது. இரண்டாவதை நான் சொல்கிறேன்.

ஊரே கொதித்துக் கிடக்கிறது. முனிசிபல் பூங்கா ரேடியோவுக்கு முன்னால் நிற்க இடமில்லை. செய்தி வாசிக்கும்போது யாராவது இருமினால் அடிக்கவே போகிறார்கள். நம் மாதர் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் நாற்பது பேர் கூடி ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறோம். சீன யுத்தத்தில் கற்றுக்கொண்ட வித்தை. உன் அம்மா சவரியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோர் கையையும் மேற்பார்வை பார்க்கிறார். உன் கடிதம் வந்தால் அன்று சங்கத்தில் திருவிழாதான். யுத்தச் சேதியை மட்டும்தான் அவர்களுக்குப் படிக்கிறேன், பயப்படாதே. நம் சண்டை நமக்குள்.

குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து சுப்புத்தாய் என்று ஒரு அம்மாள், உன் கடிதத்தைக் கேட்பதற்காகவே வாராவாரம் பஸ் ஏறி வருகிறாள். அவள் மகன் சோலைமுத்து பட்டாளத்தில் இருக்கிறான். கடிதமே இல்லை. ‘நர்ஸம்மா எம் மவனப் பாத்தாகளான்னு கேளு தாயி’ என்கிறாள். பார்த்தாயா?

இப்போது என் யுத்தம். என் சீனியர் நாச்சிமுத்து முதல்முறையாக ஒரு வழக்கை முழுசாக என் கையில் கொடுத்திருக்கிறார்! என் கட்சிக்காரி பேச்சாயி. சுப்புத்தாயின் ஊர்க்காரி, இருபத்தாறு வயது, நாலு பிள்ளைகள். ஐந்தாவது கரு ஐந்து மாதத்தில் கலைந்துவிட்டது. மருந்து குடித்து அவளே கலைத்தாள் என்று புருஷன் வீரப்பன் பிராது கொடுத்திருக்கிறான். மருந்து என்று ஒரு பாட்டிலையும் கோர்ட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். நிரூபணமானால் ஏழு வருஷம் வரை போகும். கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தாள் என்பது நம் கட்சி. தூக்கி உட்கார வைத்தவளே சுப்புத்தாய்தான். ஆகவே சாட்சிக்குக் குறைவில்லை.

ஆனால் மேரி, எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. என் சண்டை சட்டத்தோடு. ஆயிரத்து எண்ணூற்று அறுபதில் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் இது. அவன் ஊரில் அப்போது பெண்களுக்கு ஓட்டுக்கூட இல்லை. கலைத்திருந்தால்தான் என்ன? வயிறு யாருடையது? எல்லையில் ஆயிரம் பேரைச் சுட்டால் மார்பில் பதக்கம். வயிற்றில் இருப்பதைத் தாங்க முடியாது என்று ஒருத்தி சொன்னால் கையில் விலங்கு. இதை மாற்றலாமா என்று யோசிக்க டில்லியில் ஒரு கமிட்டி போட்டு ஒரு வருஷமாகிறது. கமிட்டி இன்னும் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறது. நான் இந்தக் கோர்ட்டிலேயே அதைப் பேசப் போகிறேன். பதினாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

நீ நர்ஸ். உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டும். ஒளிக்காமல் எழுது.

உன்
கண்ணம்மாள்


இராணுவ மருத்துவமனை (ஊர்ப் பெயர் எழுத அனுமதி இல்லை)
16.9.1965

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதம் எட்டு நாள் பயணம் செய்து வந்தது. ரயிலெல்லாம் பட்டாளத்துக்கே போகிறது. உட்கார்ந்து எழுத அரை மணி கிடைத்திருக்கிறது. குளிப்பதா, எழுதுவதா என்று யோசித்து எழுத வந்துவிட்டேன்.

சங்கத்தாரிடம் சொல். முதல் பார்சல் வந்து சேர்ந்தது. ஆயுசிலே குளிர் பார்க்காத ஊர்க்காரிகள் பின்னினால் எப்படி இருக்கும் என்று இப்போது இந்தியா முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு ஸ்வெட்டருக்கு வலக்கை முழங்கையோடு நிற்கிறது, இடக்கை முழங்கால் வரை வருகிறது. அதைத்தான் வேண்டும் என்று ஒரு சர்தார் பிடிவாதமாக வாங்கிப் போட்டுக்கொண்டு வார்டு முழுக்க நடந்து காட்டினார். சிரித்துச் சிரித்து ஒருவருக்குத் தையல் பிரிந்து, டாக்டர் மேஜர் என்னைத் திட்டினார். இன்னும் அனுப்புங்கள். அளவு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, இங்கே சீக்கிரம் குளிர் வரப் போகிறது.

சோலைமுத்துவை நான் பார்க்கவில்லை. இங்கே வந்து சேருபவர்களில் இல்லாமல் இருப்பதும் நல்லதுதான் என்று அந்த அம்மாளிடம் சொல்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒளிக்காமல் எழுது என்றாய். எழுதுகிறேன்.

ஒரு வரியில் ‘வழுக்கி விழுந்தாள்’ என்கிறாய். அடுத்த பக்கம் முழுக்க ‘கலைத்திருந்தால்தான் என்ன’ என்கிறாய். எது உன் கட்சி? படிக்கிற எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. அவள் கலைத்துவிட்டாள். உனக்கும் அது தெரியும். நான் வேதக்காரி என்பதால் மட்டும் சொல்லவில்லை. இந்த வார்டில் இருபது வயதுப் பையன்கள் மூச்சுக்கு மூச்சு ‘சிஸ்டர், பிழைப்பேனா’ என்று கேட்கிறார்கள். ஒரு மூச்சைப் பிடித்து வைக்க நாலு பேர் நாள் முழுக்கப் போராடுகிறோம். அங்கே ஒருத்தி, ஐந்து மாதத்து உயிரை வேண்டாம் என்று பாட்டிலைத் திறந்திருக்கிறாள். நீ கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அவளுக்கு வெண்சாமரம் வீசுகிறாய். பதக்கம், விலங்கு என்று மேடை வசனம் வேறு. பதக்கம் வாங்குகிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று இங்கே வந்து பார்.

அவள் செய்தது பாவம். அதற்குத் துணை போகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. என் அபிப்பிராயம் இதுதான்.

கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் எழுது.

ஆனந்தமேரி


திண்டுக்கல்
26.9.1965

லெப்டினன்ட் ஆனந்தமேரி அவர்களுக்கு,

யுத்தம் நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். என் யுத்தத்தில் நீ போட்ட குண்டு நேற்றுத்தான் வெடித்தது.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். உன் கடிதங்களை நான் வீட்டில் படித்துவிட்டுக் கொண்டுபோவது சங்கத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. ‘நல்லதை மட்டும் பொறுக்கி வாசிக்கிது வக்கீலுப் பொண்ணு, தோத்த சேதியெல்லாம் அமுக்கிருது’ என்று பேச்சு கிளம்பியது. ‘இனிமேல் ஒட்டுப் பிரிக்காமல் கொண்டுவருகிறேன், உங்களில் ஒருத்தி கையாலேயே பிரியுங்கள்’ என்று நானும் வீராப்பாகச் சொல்லிவிட்டேன். நேற்று உன் கடிதத்தை அப்படியே எடுத்துப் போனேன். உன் அம்மாதான் பிரித்துக் கொடுத்தார்.

ஸ்வெட்டர் கதையைப் படித்தபோது சங்கமே உருண்டு புரண்டு சிரித்தது. அப்படியே படித்துக்கொண்டே போனேன். உன் இரண்டாவது பக்கம் வந்துவிட்டது. நடுவில் எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் அமுக்கிவிட்டேன் என்பார்கள். படித்து முடித்தேன்.

சுப்புத்தாய் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

‘பட்டாளத்து நர்ஸம்மாவே சொல்லிப்புட்டாக. பாவத்துக்குத் துணை போறவகளுக்கும் பங்குன்னு. எம் மவன் எல்லையில நிக்கிறான் தாயி. நான் சாச்சி சொல்ல வரமாட்டேன். அம்புட்டுத்தேன்’ என்றாள். நான் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். திரும்பியே பார்க்கவில்லை.

அவள்தான் என் ஒரே சாட்சி, மேரி. விசாரணை நவம்பர் எட்டாம் தேதி. இங்கே தள்ளுபடியாகாவிட்டால் வழக்கு மதுரை செஷன்ஸுக்குப் போய்விடும். பார்க்காத ஒருத்தியை, கேட்காத ஒரு கதையை, ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து நீ தீர்ப்புச் சொல்லிவிட்டாய். மாஜிஸ்திரேட்டே இன்னும் சொல்லவில்லை!

கண்ணம்மாள்


இராணுவ மருத்துவமனை
5.10.1965

கண்ணம்மா,

நம் சண்டை நமக்குள் என்று எழுதியது யார்? உனக்கு எழுதியதை நாற்பது பேருக்கு நடுவில், என் அம்மாவையும் உட்கார வைத்துப் படித்திருக்கிறாய். பிறகு குண்டு போட்டது நான் என்கிறாய்.

நிறுத்தியிருக்கலாம். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். விளக்கம் கேட்டால் ‘இது எனக்கு எழுதியது’ என்று சொல்லி மடித்திருக்கலாம். எட்டாம் வகுப்பிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். பேச்சுப் போட்டியில் எதிர்க்கட்சிக்காரியின் குறிப்பைக்கூட வாங்கிப் படித்துக் காட்டி, வரிக்கு வரி பதில் சொல்லிக் கைதட்டல் வாங்குவாய். அன்றைக்கும் அதற்குத்தான் படித்தாய். இல்லை என்று சொல் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் முதல் கடிதத்தில் சட்டம் இருந்தது, கமிட்டி இருந்தது, வெள்ளைக்காரன் இருந்தான். பேச்சாயி எங்கே இருந்தாள்? அவளுக்கு என்ன நடந்தது என்று நீ எழுதவே இல்லை. ஜெயிக்க வேண்டியது அவளா, உன் பதினாலு பக்கமா?

அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. இனி நீ எனக்கு எழுத வேண்டாம்.

ஆனந்தமேரி


திண்டுக்கல்
13.10.1965

மேரி,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஆமாம். படித்து முடித்துவிட்டு எழுந்து நின்று பதில் பேச வேண்டும் என்றுதான் படித்தேன். பதிலின் முதல் வாக்கியம்கூட நாக்கு நுனியில் இருந்தது. சுப்புத்தாய் எழுந்து போவாள் என்று தெரியாது. வெட்கமாக இருக்கிறது. உன்னைத் தவிர வேறு யாருக்கும் இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்காது. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

உன் கேள்வி சரியானது. ஆகவே நேற்று சின்னாளபட்டிக்குப் போனேன். பேச்சாயி இப்போது அங்கே தறி நெய்கிற அக்காள் வீட்டில் இருக்கிறாள். கறுப்புக் கோட்டில்லாமல் போய், முதல்முறையாக அவளைப் பேசவிட்டுக் கேட்டேன். சட்டம் ஒன்றும் கலக்காமல் அப்படியே எழுதுகிறேன்.

இந்த வருஷம் அந்தப் பக்கம் மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அறுபது படி இறங்கி மொண்டு வர வேண்டும். ஜூலை மாதம் ஒரு காலையில் நாலாவது நடைக்கு இறங்கினாள். ஈரப்படி, இடுப்பில் குடம். விழுந்தாள். பின்னால் வந்த சுப்புத்தாய் தூக்கி உட்கார வைத்து, வீட்டில் கொண்டுபோய் விட்டு, வயிற்று வலிக்கு எதையோ குடிக்கக் கொடுத்தாள். மறுநாள் கரு கலைந்துவிட்டது.

வீரப்பனுக்கு வேறொரு பெண் மேல் கண். ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டச் சட்டம் இடம் கொடுக்காது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சாயி ஜெயிலுக்குப் போனால் ஊர்ப் பஞ்சாயத்தே உறவை அறுத்துவிட்டுவிடும் என்று அதே ஆள் சொல்லியிருப்பான். மூன்று மாதமாகப் பிள்ளைகளை அவள் கண்ணில் காட்டவில்லை.

‘அஞ்சாவது வேணும்னு இருந்தியா’ என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

‘நாலும் பயலுவ. இது பொட்டப்புள்ளையா இருக்கும்னு ஆசையா இருந்தேன். தல சீவிவிட ஒண்ணு வேணும்ல’ என்றாள்.

அவ்வளவுதான். சுப்புத்தாய் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். உள்ளே இருந்துகொண்டே ‘இல்லை’ என்று சொல்லியனுப்புகிறாள். உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

கண்ணம்மாள்


(உள்நாட்டுக் கடிதத்தின் வெளிப்பக்கத்தில்: சங்கத்தில், சனிக்கிழமை, எல்லார் முன்னாலும் பிரிக்கவும். கண்ணம்மா, நீ முதலில் படிக்கக் கூடாது.)

இராணுவ மருத்துவமனை
25.10.1965

சங்கத்துச் சகோதரிகளுக்கு,

கண்ணம்மாளுக்கு நான் எழுதிய கடிதம் ஒன்று உங்கள் நடுவில் படிக்கப்பட்டது. அதே இடத்தில் இதையும் படிக்க வேண்டும். என் அம்மா முதல் வரிசையில் இருப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பத்து நாளைக்கு முன் எல்லைக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். யுத்தம் நின்றுவிட்டதே என்று ஊர் திரும்பியவள். தன் வயலில் கால் வைத்தாள். புதைத்து வைத்த கண்ணிவெடியை எடுக்க யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. அவளோடு மூன்று வயதுப் பெண் குழந்தை. பெயர் ஜீதோ. இன்னொன்று வயிற்றில், ஐந்து மாதம்.

இரத்தம் நிற்கவில்லை. ‘கருவை எடுத்தால் தாய் பிழைப்பாள், எடுக்காவிட்டால் இரண்டும் போகும்’ என்று டாக்டர் மேஜர் சொன்னார். கருவியைக் கொடுக்க வேண்டியவள் நான். கையை நீட்டாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ‘சிஸ்டர்!’ என்று அவர் கத்தினார். கொடுத்தேன். கடைசி வரை கூடவே நின்றேன். அந்தத் தாய் பிழைத்துவிட்டாள்.

நான் செய்தது பாவமா என்று பாதரிடம் கேட்டேன். ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்துக்கொண்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. கருவைக் கலைப்பது பாவம் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று கண்ணம்மாள் சொல்வதை ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் என் கையில் நடந்ததை எங்கோ தொலைவில் உட்கார்ந்து ஒருத்தி ஒன்றும் விசாரிக்காமல் ‘அவள் கொலைகாரி’ என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்? பேச்சாயிக்கு நான் அதைத்தான் செய்தேன். நான் அவளைப் பார்த்ததில்லை. என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன். பேச்சாயி, என்னை மன்னித்துக்கொள்.

சுப்புத்தாய் அக்கா, நான் பார்க்காமல் சொன்னேன். நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிறீர்கள். இரண்டும் தப்பு. சோலைமுத்துவைப் பார்த்தேன், சுகமாக இருக்கிறான் என்று இங்கே ஒரு வரி எழுதினால் நீங்கள் ஓடிப்போய்ச் சாட்சி சொல்வீர்கள். எழுத மாட்டேன். அவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. நீங்கள் சாட்சி சொன்னால் அவனுக்கு நல்லது நடக்கும் என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்லாவிட்டால் பேச்சாயிக்கு என்ன நடக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜீதோ அம்மாவின் கட்டிலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். வெளியே வர மாட்டேன் என்கிறாள். குளிர் வந்துவிட்டது. இங்கே இருப்பதெல்லாம் பெரிய ஆட்களின் சட்டைகள்தான்.

ஆனந்தமேரி


திண்டுக்கல்
13.11.1965

மேரி! மேரி! மேரி!

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதலில் உன்னை நாலு திட்டு திட்டிவிட்டு ஆரம்பிக்கிறேன். புதன்கிழமை வந்த கடிதத்தைச் சனிக்கிழமை வரை பிரிக்காமல் வைத்திருக்கச் சொன்னாயே, நீ மனுஷியா? திங்கட்கிழமை விசாரணை. உள்ளே என்ன இருக்கிறதோ! போன தடவை மாதிரி இன்னொன்று இருந்தால்? சோற்றுப்பானை ஆவியில் காட்டினால் ஒட்டு அழகாகப் பிரியும், எனக்குத் தெரியும். வியாழக்கிழமை பானை வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். உன் கையெழுத்தில் ‘நீ முதலில் படிக்கக் கூடாது’ என்று இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து உனக்கும் என்னைத் தெரியும் அல்லவா? திரும்பக் கொண்டுபோய்ச் சட்டப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். மூன்று நாளும் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை பேச்சாயியையும் கூட்டிப் போனேன். சுப்புத்தாய் வந்திருந்தாள். கோபம் ஒரு பக்கம், மகன் சேதி ஒரு பக்கம், வராமல் இருப்பாளா? அவள் கையிலேயே கொடுத்தேன். கொண்டையூசியால் பிரித்துக் கொடுத்தாள். இந்தத் தடவை நான் படிக்கவில்லை. பள்ளிக்கூட டீச்சர் நர்கீஸைப் படிக்கச் சொன்னேன். எனக்குப் பயம்.

நீ கையை நீட்டாமல் நின்ற இடத்தில் நர்கீஸ் நிறுத்திவிட்டாள். எல்லோரும் உன் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஊசியை விடவில்லை. பின்னிக்கொண்டே, ‘அம்புட்டுத் தொலவுல ஒத்தையா நின்னுருக்கா எம் மவ. படி தாயி, மிச்சத்தையும் படி’ என்றார். அந்த அம்மாளின் காலில் விழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது.

சோலைமுத்துவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று வந்ததும் சுப்புத்தாய் முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டாள். போச்சு, இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: ‘பொய்யா ஒரு வரி எழுதியிருந்தா நான் என்னத்தக் கண்டேன்? எழுதலையே. வக்கீலம்மா, திங்கக்கெழம எத்தன மணிக்கு வரணும்?’

கோர்ட்டைச் சொல்கிறேன். கூட்டம் வராந்தாவில் வழிந்தது. ‘இன்னைக்கு நீ சட்டம் பேசாத. அவ பேசட்டும்’ என்று சீனியர் காதோடு சொன்னார். பதினாலு பக்கத்தை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுப்புத்தாய் விழுந்ததைச் சொன்னாள், தூக்கியதைச் சொன்னாள். எதிர் வக்கீல் பெரிய புத்திசாலி மாதிரி எழுந்து, ‘அன்றைக்குத்தான் விழுந்தாள் என்று தேதி எப்படி ஞாபகம் இருக்கிறது?’ என்று கேட்டார்.

‘அன்னைக்குக் காலையிலதேன் எம் மவன் லீவு முடிஞ்சு பட்டாளத்துக்குத் திரும்பிப் போனான். பஸ் ஏத்திவிட்டுட்டு அழுதுக்கிட்டே தண்ணிக்குப் போனேன். அந்தத் தேதிய நான் மறப்பனா சாமி?’

வக்கீல் அதோடு விட்டிருக்கலாம். வீரப்பன் கொடுத்த பாட்டிலை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டி, ‘அப்படியானால் இந்த மருந்து அவளுக்கு எங்கிருந்து வந்தது?’ என்றார்.

‘அட, இது எம் பாட்டிலு! மூடியில நாந்தேன் சேலக் கிழிசலச் சுத்தி வச்சேன். பேத்திக்கு வாங்குன ஓமத்தண்ணி. வகுத்து வலின்னு துடிச்சா, நாந்தேன் குடுத்தேன். அவ வீட்டுலயே விட்டுட்டு வந்தேன், அதேன் இங்கிட்டு வந்துருக்கு.’ என்றாள். அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? யாரும் தடுப்பதற்குள் வாங்கி மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டாள்! கோர்ட் சாட்சிப் பொருளை! சேவகர் பாய்ந்து பிடுங்கினார். மாஜிஸ்திரேட் எச்சரித்தார். எச்சரித்துவிட்டுப் பாட்டிலைத் தாமும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். இருமினார் என்று சிலர் சொல்கிறார்கள். சிரித்தார் என்று நான் சொல்கிறேன்.

பிராது தள்ளுபடி! மதுரைக்கு அனுப்ப முகாந்திரம் இல்லை என்று எழுதிவிட்டார். என் கன்னி வழக்கில் நான் கேட்டது பதினொரு கேள்வி. பேசியது அரைப் பக்கம்கூட இல்லை. திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை நாட்டுக்காக விடச் சொல்லிப் பிரதம மந்திரி கேட்டிருக்கிறாரே, ஆகையால் ஜெயித்த அன்று எல்லோருக்கும் பட்டினி. நான் மட்டும் இரண்டு வாழைப்பழம் தின்றேன். பிரதம மந்திரியிடம் சொல்லிவிடாதே.

கடைசிப் பையன்கள் இரண்டு பேரும் இப்போது பேச்சாயியிடம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நல்ல சட்டமும் நம்மிடம் இருக்கிறது. வீரப்பனே கொண்டுவந்து விட்டான், நான் நோட்டீஸ் அனுப்பிய பிறகு. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் மனுப் போட்டிருக்கிறேன். அந்தச் சண்டை இன்னும் பாக்கி.

என் பதினாலு பக்கத்தை வீணாக்குவேனா? சுத்தமாகப் பிரதி எடுத்து டில்லி கமிட்டிக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒன்று மட்டும் திருத்தினேன். பதக்கம், விலங்கு என்ற வசனத்தை அடித்துவிட்டு, பேச்சாயி கதையை முதல் பக்கத்தில் வைத்தேன்.

நேற்று சுப்புத்தாய்க்குக் கார்டு வந்தது. சோலைமுத்து சுகம். சளி பிடித்திருக்கிறதாம், ஓமத்தண்ணி அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறான்!

இத்தோடு ஒரு பார்சல் வருகிறது. ஜவான்களுடையது பன்னிரண்டு. அதோடு சின்னதாக ஒன்று. பேச்சாயி பின்னினாள். அளவு கேட்டு எழுதட்டுமா என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

உன்
கண்ணம்மாள்


இராணுவ மருத்துவமனை
2.12.1965

கண்ணு,

உன் கடிதத்தை வார்டில் எல்லோருக்கும் இந்தியில் சொன்னேன். பாட்டில் கட்டம் வந்தபோது மறுபடி ஒருவருக்குத் தையல் பிரிந்தது. இந்தத் தடவை டாக்டர் மேஜரும் சிரித்ததால் திட்டு விழவில்லை.

டில்லி கமிட்டிக்கு நானும் எழுதிவிட்டேன். எட்டுப் பக்கம், முழுக்க உனக்கு எதிராக. தாய் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர வேறு எதற்கும் தளர்த்தக் கூடாது என்று எழுதினேன். அந்த ஒரு ‘தவிர’வை எழுத இரண்டு நாள் ஆயிற்று. உன்னுடையதும் என்னுடையதும் ஒரே மேசையில் கிடக்கட்டும். லீவில் வரும்போது மிச்சச் சண்டையைப் போடலாம். அம்மாவிடம் சொல், நான் ஒத்தையாக இல்லை.

பார்சல் வந்தது. பன்னிரண்டு ஸ்வெட்டரில் ஒன்பதுக்கு இரண்டு கையும் ஒரே நீளம் இல்லை. வழக்கம் போல் சர்தார்கள் சண்டை போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சின்னதைக் கட்டிலுக்கு அடியில் நீட்டினேன். ஜீதோ ரொம்ப நேரம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் தானே வெளியே வந்து கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மாட்டிவிட்டேன். அவள் அம்மா படுத்தபடியே கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, தலை சீவிவிட்டாள்.

பேச்சாயியிடம் சொல். இரண்டு கையும் மணிக்கட்டில் வந்து சரியாக நின்றன.

மேரி